மேற்கே முப்பது மைல்

கீழே எழுதியிருப்பதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. இது சத்தியம். சூடம் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி, வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்லச் சொன்னாலும் சரி, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னாலும் சரி. அப்படியும் நம்பாதவர்கள் அறந்தாங்கிக்கு மேற்கே போய், ஊமையன் கண்மாய் எது என்று விசாரித்து, அதன் மதகடியில் நட்டிருக்கும் கல்லைப் பார்த்துக்கொள்ளலாம். மனிதன் பொய் சொல்வான். கல் சொல்லாது.

1942-ஆம் வருஷம் ஐப்பசி மாதம். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்துவிட்டான், அடுத்தது நம் கரைதான் என்று சந்தைக்குச் சந்தை பேச்சாக இருந்தது. ஜெகதாப்பட்டினம் அப்போது பிரிட்டிஷ் சீமை. மேற்கே முப்பது மைல் போனால் புதுக்கோட்டை மகாராஜாவின் சமஸ்தானம். அங்கே சட்டம் வேறு, சாவடி வேறு. ஜெகதாப்பட்டினத்துக் கரையில் நாற்பத்திரண்டு வத்தைகள் இருந்தன. வத்தை என்பது தட்டையான அடியும் மூன்று பாய்மரமும் உள்ள பெரிய மீன்பிடிப் படகு. காற்று வருகிற பக்கமாக நீளப் பலகை ஒன்றை நீட்டி, அதில் ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் அது கவிழாமல் ஓடும்.

நாற்பத்திரண்டாவது வத்தை செபமாலையுடையது. அடைக்கலமேரியைக் கட்டியபோது அவள் கழுத்திலும் காதிலும் இருந்ததெல்லாம் அடுத்த வருஷமே பலகையாகவும் ஆணியாகவும் மாறியது. அவள் கோயிலுக்கு வெறுங்கழுத்தோடு போவாள். யாராவது கேட்டால் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டி, "நகையெல்லாம் நனையப் போட்டிருக்கு" என்பாள். ஆகவே அந்த வத்தை போனால் செபமாலைக்குத் தொழிலும் போகும், வீட்டில் தலைநிமிர்ந்து சோறு தின்கிற உரிமையும் போகும். இதை அவன் ஒருபோதும் மறந்ததில்லை. மறந்தாலும் அவள் விடமாட்டாள்.

ஐப்பசி முதல் சனிக்கிழமை, யுத்தத்துக்கென்று புதிதாகத் திறந்த படகு ஆபீஸிலிருந்து பழனிச்சாமி என்ற குமாஸ்தா வந்து சேர்ந்தார். இலுப்பூரில் பிறந்து, இலுப்பூரில் படித்து, கடலைப் பாடப் புத்தகத்தில் மட்டும் கண்டவர். கரையில் குடையை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் கடலைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற செபமாலையைக் கேட்டார்.

"இம்புட்டுத் தண்ணி நிக்குதே, இதுக்கு மடை எங்கிட்டு இருக்கு?"

"மடை இல்லைங்க."

"அப்ப நெறஞ்சா?"

"இது வரைக்கும் நெறையலைங்க."

பழனிச்சாமி அதையும் எழுதிக்கொண்டார். அவர் நல்ல மனிதர். சொன்னதை எழுதுவார், எழுதியதை நம்புவார். பெரிய புத்தகம் ஒன்றைத் திறந்து வத்தைகளின் விவரம் எடுக்க ஆரம்பித்தார்.

"பேரு?"

"செபமாலைங்க."

"அது ஒங்க பேரு. வத்தை பேரு?"

"ஆரோக்கியம்."

"நீளம்?"

"அஞ்சு மாரு."

இரண்டு கையையும் அகல விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனிவரை ஒரு மார். கடற்கரையில் கயிறு, வலை, வத்தை எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு.

"அடிக்கணக்குல சொல்லுங்க."

"எங்கிட்ட அடிக்கோல் இல்லைங்க. வேணும்னா என்னைய அளந்துக்கங்க."

பழனிச்சாமி டேப்பை எடுத்து செபமாலையின் விரித்த கைகளை அளந்தார். ஆறு அடி. "அப்ப வத்தை முப்பது அடி."

"பக்கத்து வத்தை மரியசெல்வம் அளந்தா ஆறு மாரு வரும்ங்க."

"அதெப்புடி? வத்தை நீளுமா?"

"வத்தை அப்புடியேதான் இருக்கும். அவனுக்குக் கை குட்டை."

பழனிச்சாமி பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு, 'ஐந்து மார், செபமாலை அளவு' என்று எழுதினார். அகலம் ஐந்தரை அடி. பாய்மரம் மூன்று. பாய் மூன்று, அதில் தைத்தது இரண்டு, தைக்க வேண்டியது ஒன்று. ஓட்டை ஒன்று, உரிமையாளர் மனைவியின் பச்சைச் சேலைத் துணியால் அடைக்கப்பட்டது. எல்லாம் எழுதி முடித்து, வத்தையின் முகப்பில் சுண்ணாம்பால் 42 என்று பெரிதாக எண் போட்டார்.

"இனிமே வாராவாரம் சனிக்கெழமை வருவேன். அந்த வாரம் வத்தை எந்தத் திசையில எத்தனை மைல் போச்சுன்னு சொல்லணும். யுத்த காலம். பொய் சொன்னா வத்தையும் போகும், ஆறு மாசம் ஜெயிலும் கெடைக்கும். இந்த வாரம் எங்க போனீங்க?"

"மேக்கே முப்பது மைலுங்க" என்றான் செபமாலை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெகதாப்பட்டினத்தில் எவனும் தான் மீன் பிடித்த இடத்தைச் சொல்லமாட்டான். வடக்கே போனவன் தெற்கே என்பான். தெற்கே போனவன் வடக்கே என்பான். தூரத்தை ஐந்து மடங்காக்கிச் சொல்வான். கேட்கிறவனும் அதைத் திருப்பிப் போட்டு, ஐந்தால் வகுத்துப் புரிந்துகொள்வான். யாருக்கும் யார்மேலும் கோபமில்லை. செபமாலை குடும்பத்தில் இது கொஞ்சம் அதிகம். அவன் பிறந்தபோது அவன் அப்பா, பெண் பிறந்திருக்கிறது என்று மூன்று நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணத்தில் சாமியார், "மாப்பிள்ளைக்குச் சம்மதமா?" என்று கேட்டபோது செபமாலை பழக்கதோஷத்தில் "இல்லை" என்றான். நல்லவேளை, சாமியாரும் கடற்கரைக்காரர். திருப்பிப் போட்டுக்கொண்டு தாலியைக் கொடுத்துவிட்டார்.

அப்பா காட்டிக்கொடுத்த மீன்பாறை ஒன்று நேர் கிழக்கே ஆறு மைலில் கடலடியில் கிடந்தது. அவன் அங்கேதான் போவான். மற்றவர்கள் வடக்கும் தெற்குமாகப் போகிறவர்கள். திருப்பிப் போட்டாலும் அவர்கள் கடலில்தான் இருப்பார்கள். நேர் கிழக்கே போகிறவன் செபமாலை ஒருத்தன்தான். அவனைத் திருப்பிப் போட்டால் ஊருக்குள் வந்துவிடுவான். இது அவனுக்கும் தோன்றவில்லை, பழனிச்சாமிக்கும் தோன்றவில்லை. 'மேற்கே முப்பது மைல்' என்று முத்துமுத்தாக எழுதிக்கொண்டு போனார். பதினாலு வாரம் இது நடந்தது.

தை மாதம் ஒரு சனிக்கிழமை பழனிச்சாமி முகம் வெளிறி வந்தார். கையில் உத்தரவு. ஜப்பான்காரன் இறங்கினால் அவனுக்குப் படகு கிடைத்துவிடக் கூடாதாம். இருபது அடிக்கு மேற்பட்ட வத்தைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டுபோய், தெற்கே ஒரு துறைமுகத்தில் சங்கிலி போட்டு வைக்கும். யுத்தம் முடிந்ததும் தரும். கரையே அழுதது. பழனிச்சாமி ஒன்று, இரண்டு என்று எண்களைப் படித்தார். நாற்பத்தொன்றோடு நிறுத்திவிட்டார்.

"என் நம்பரு?" என்றான் செபமாலை.

"ஒங்களுக்குத் தனிக் கடுதாசி."

நடந்தது இதுதான். ஆபீஸில் ஒரு துரை இருந்தார். வத்தை வத்தையாகத் தேசப்படத்தில் குண்டூசி குத்துவது அவர் வேலை. நாற்பத்தொரு குண்டூசி நீலத்தில் விழுந்தது. ஒன்று மட்டும் மஞ்சளில், தரைக்கு நடுவில், சமஸ்தான எல்லைக்கு உள்ளே ஊமையன் கண்மாய் என்ற இடத்தில் விழுந்தது. துரை முதலில் குண்டூசியை மாற்றிப் பார்த்தார். பிறகு படத்தை மாற்றிப் பார்த்தார். புத்தகத்தை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. அதில் அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை.

பழனிச்சாமி கடிதத்தைப் படித்தார். "'நாற்பத்திரண்டாம் எண் வத்தை பதினாலு வாரமாகப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் தொழில் செய்துவருவதால் இந்த உத்தரவு அதற்குப் பொருந்தாது.'"

செபமாலை மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"இன்னும் முடியலை. 'வருகிற வெள்ளிக்கிழமை துரை மேற்படி கண்மாய்க்கே வந்து மேற்படி வத்தையைப் பார்வையிடுவார். அங்கே வத்தை இல்லாவிட்டால் பொய்த் தகவல் என்று கொண்டு வத்தை பறிமுதல் செய்யப்படும்.'" கொஞ்சம் தயங்கினார். "ஜெயிலும் போட்டிருக்கு."

செபமாலை மண்டியிட்டபடியே இருந்தான். அடைக்கலமேரி மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

"பதினாலு வாரமா வாயாலயே ஓட்டுனீங்கல்ல? இப்ப மாட்டால ஓட்டுங்க."

"என்னடி சொல்ற?"

"பிச்சைமுத்துகிட்ட ரெண்டு வண்டி இருக்கு. நாலு சோடி மாடு இருக்கு. அஞ்சு நாளு இருக்கு. என் நகையச் சங்கிலியில கட்டிப் போட விடமாட்டேன். எந்திரிங்க."

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். முன் வண்டியில் வத்தையின் முகப்பு, பின் வண்டியில் அதன் பின்பக்கம். அடி தட்டையாக இருந்ததால் பொருத்தமாக உட்கார்ந்துகொண்டது. வண்டிக்காரர் பிச்சைமுத்து, செபமாலை, அடைக்கலமேரி, எட்டுக் காளைகள். வழியில் ஊர் ஊராகச் சனம் கூடியது. ஒரு கிராமத்தில் தேர் வருகிறதென்று நினைத்துத் தேங்காய் உடைத்து ஆரத்தி எடுத்தார்கள். அடைக்கலமேரி மறுக்கவில்லை. தேங்காய்மூடிகளை எண்ணி வாங்கி வைத்துக்கொண்டாள்.

பதினாறாவது மைலில் கிழக்கேயிருந்து காற்று எழுந்தது. அடைக்கலமேரி வானத்தைப் பார்த்தாள்.

"பாயி சும்மாதான சுருட்டிக் கெடக்கு?"

"ரோட்டுலயா?" என்றான் செபமாலை.

"காத்துக்கு ரோடு தெரியுமா, கடலு தெரியுமா? ஏத்துங்க."

மூன்று பாயையும் ஏற்றினார்கள். வண்டி மாட்டை இடித்தது. மாடு ஓடியது. வண்டி இன்னும் வேகமாக இடித்தது. "ஏய்யா, எம் மாட்டக் கொல்லாதய்யா!" என்று பிச்சைமுத்து கத்தினார். வேறு வழியில்லாமல் எட்டுக் காளைகளையும் அவிழ்த்து வத்தையில் ஏற்றினார்கள். முதல் பதினாறு மைல் மாடு வண்டியை இழுத்தது, மிச்சத் தூரம் வண்டி மாட்டைச் சுமந்தது என்று பிச்சைமுத்து சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். காளைகளுக்கு முதலில் தலைசுற்றி வாந்தி வந்தது. அறந்தாங்கி தாண்டியதும் பழகிக்கொண்டன. அதில் ஒரு மயிலைக் காளைக்கு விவரம் பிடிபட்டுவிட்டது. வத்தை சாயும்போதெல்லாம் அதுவே எழுந்துபோய், நீட்டிய பலகையில் ஏறி, காற்று வருகிற பக்கமாக உட்கார்ந்துகொண்டது. ஒருமுறைகூடத் தப்பான பக்கம் உட்காரவில்லை. "இதுக்கு இருக்கற புத்தி..." என்று ஆரம்பித்த அடைக்கலமேரி, புருஷனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

சமஸ்தான எல்லையில் சுங்கச்சாவடி. அதிகாரி ஆத்மநாதன் வரிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வத்தையை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இது வண்டியா, சரக்கா?"

"வத்தைங்க" என்றார் பிச்சைமுத்து.

"பட்டியல்ல வத்தை இல்லை. உப்பு இருக்கு, பொகையிலை இருக்கு. மாட்டுவண்டி இருக்கு. ஆனா மாடு வண்டிய இழுக்கணும். இங்க மாடு ஒக்காந்து வருது." கொஞ்சம் யோசித்தார். "சரி, எங்கேருந்து வாரீங்க?"

கேள்வி செபமாலையைப் பார்த்து வந்தது. அடைக்கலமேரி தடுப்பதற்குள் அவன் வாய் முந்திக்கொண்டது.

"மேக்கேருந்துங்க."

"எங்க போறீங்க?"

"கெழக்கங்க."

ஆத்மநாதனுக்கு முகம் மலர்ந்தது. "அதை மொதல்லயே சொல்றதில்லையா? வெளிய போற எதுக்கும் வரி கெடையாது. ஆனா கெழக்க போறவன் ஏன்யா மேக்க பாத்துக்கிட்டு நிக்கிற? திருப்பு!"

திருப்பினார்கள். அரை நாள் ஆயிற்று. சாவடிச் சேவகர்களும் தோள் கொடுத்தார்கள். முகப்பு கிழக்கே பார்த்ததும் ஆத்மநாதன் புத்தகத்தில் எழுதினார்: 'வெளியேறியது: வத்தை ஒன்று, காளை எட்டு.' கையெழுத்துப் போட்டு மை உலர்த்தினார். பிறகு அடைக்கலமேரி பாயை மாற்றிக் கட்டச் சொன்னாள். வத்தை கிழக்கே பார்த்தபடி, பின்பக்கமாக மேற்கே போயிற்று. முகத்தை நம் பக்கம் காட்டிக்கொண்டே ஒரு பொருள் தூரம் போவதை ஆத்மநாதன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். மனசில் ஏதோ இடித்தது. ஆனால் எழுதியாகிவிட்டது. கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஊமையன் கண்மாய் தை மாதத்துத் தண்ணீரில் தளும்பிக் கிடந்தது. மடை திறக்கிற மூக்கன் கரையில் நின்று மறித்தார்.

"எங்க கண்மாயில ஒங்க கப்பலுக்கு என்ன வேலை?"

அடைக்கலமேரி விஷயத்தைச் சொன்னாள். தேங்காய்மூடிகளையும் இரண்டு கூடைக் கருவாட்டையும் இறக்கினாள். "துரை கேட்டா, வத்தை இங்கதான் இருந்துச்சுன்னு சொல்லணும்ண்ணே."

"பொய் சொல்லமாட்டேன்மா. பாத்ததத்தான் சொல்லுவேன்."

"பாத்தத மட்டும் சொல்லுங்க, போதும்."

மூக்கன் கருவாட்டை முகர்ந்து பார்த்தார். "இன்னொண்ணு. எங்க மாமியா இருக்கு. ஒரு தடவை ஏத்திக்கிட்டு நடுக்கண்மாய் வரைக்கும் போய்ட்டு வாங்க. திரும்பக் கொண்டாரணும்னு அவசரமில்லை."

வியாழக்கிழமை வத்தையைத் தண்ணீரில் இறக்கினார்கள். கடலில் பதினாலு வாரம் அழியாமல் நின்ற 42 என்ற சுண்ணாம்பு எண், கண்மாய்த் தண்ணீர் பட்டு ஒரு மணி நேரத்தில் கரைந்துவிட்டது. எண் போடச் சுண்ணாம்புக்கு மூக்கனின் மாமியாரிடம் கேட்டார்கள். வெற்றிலைக்கே பற்றவில்லை என்றாள். ரோட்டில் குலுங்கியதில் பச்சைத் துணி விழுந்து ஓட்டையும் திறந்திருந்தது. அடைக்கலமேரி பிச்சைமுத்துவின் சிவப்புத் தலைப்பாகையைக் கிழித்து அடைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வேறொரு துணியை எடுத்துப் புருஷனின் தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள்.

"என்னடி இது?"

"பல்லுவலி. துரை போறவரைக்கும் ஒங்களுக்குப் பல்லுவலி. சாவடியில பண்ணுனது போதும். இன்னிக்கி வாயத் தொறந்தீங்க, நான் இந்தக் கண்மாயிலயே விழுந்துருவேன்."

செபமாலை தலையாட்டினான். அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று காலை நடுக்கண்மாயில், ஒரு பள்ளத்தில், அவன் வலைக்குப் பன்னிரண்டு விரால் விழுந்திருந்தது. அந்த இடத்தை யாரும் கேட்டுவிடக் கூடாதே என்கிற பழைய அரிப்பு தொண்டைக்குள் ஆரம்பித்திருந்தது.

துரை காரில் வந்து இறங்கினார். கூடவே பழனிச்சாமி, படம், குண்டூசிப் பெட்டி. துரை தமிழ்ப் பரீட்சையில் தேறியவர். எந்தக் காலத்துத் தமிழில் தேறினார் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. தண்ணீரில் மிதந்த வத்தையைக் கண்டதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"குமாஸ்தா! குண்டூசி பொய்க்கவில்லை!"

முதலில் மூக்கனைக் கேட்டார். "ஐயா, நீர் இக்கலத்தை இங்குக் கண்டதுண்டோ?"

"கண்டேங்க."

"எப்பொழுது தொட்டு?"

"பாத்ததுலேருந்துங்க."

துரை திருப்தியாகத் தலையசைத்து, விவரங்களைச் சரிபார்க்கச் சொன்னார். பழனிச்சாமியின் டேப்பைப் போன மழையில் எலி தின்றுவிட்டது. ஆனால் இத்தனை வாரத்தில் அவர் கடற்கரை அளவைக் கற்றுக்கொண்டிருந்தார். கையை விரித்து, வத்தையைக் கட்டிப்பிடித்துக் கட்டிப்பிடித்து முன்னேறினார். அவர் குட்டையான மனிதர்.

"ஆறு மார், துரை."

"புத்தகத்தில் ஐந்து என்றுளதே."

அடைக்கலமேரி மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டை ஒண்ணு. சரி. துணி..." பழனிச்சாமி குனிந்து பார்த்தார். "செவப்பு."

"புத்தகத்தில் பச்சை. எண் எங்கே?"

"எண் இல்லீங்க, துரை."

துரையின் முகம் மாறிற்று. செபமாலை வத்தையைப் பார்த்தான். அடைக்கலமேரியின் வெறுங்கழுத்தைப் பார்த்தான். வாயைத் திறந்து ஏதாவது சொன்னால் தேவலை என்று தோன்றியது. அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவன் 'ம்ம்' என்று முனகினான். துரை இரக்கமுள்ளவர். அருகே வந்தார்.

"பல் நோவா? அந்தோ! எம்மிடம் மருந்துளது." சட்டைப் பையிலிருந்து கிராம்பு எண்ணெய்ப் புட்டியை எடுத்து, தாடைக்கட்டைத் தாமே அவிழ்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, நல்ல பல்லாகப் பார்த்து இரண்டு சொட்டு விட்டார். "நோவு தணிந்ததா? நன்று. இனிக் கடைசிக் கேள்வி. நாற்பத்திரண்டாம் எண் வத்தை இன்று எத்திசையில், எத்தனை மைல் சென்றது?"

பன்னிரண்டு விரால் கிடந்த பள்ளம் செபமாலையின் கண்முன் வந்தது. எதிரே ஏழெட்டு உள்ளூர்க்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"கெழக்கே முப்பது மைலுங்க."

அடைக்கலமேரி அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊமையன் கண்மாயிலிருந்து கிழக்கே முப்பது மைல் என்றால் ஜெகதாப்பட்டினம். கடல். பிரிட்டிஷ் சீமை. உத்தரவு. சங்கிலி.

துரை குண்டூசியை மஞ்சளிலிருந்து பிடுங்கி நீலத்தில் குத்தினார். பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். வழியில் சுங்கச்சாவடிப் புத்தகத்தைப் பார்த்து, வத்தை என்று இருந்ததையெல்லாம் நகல் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"உள்ளே வந்த வத்தை, இல்லை. வெளியேறிய வத்தை, ஒன்று. குமாஸ்தா, இதன் பொருள் யாது?"

"நாப்பத்திரண்டு வெளிய போயிருச்சு, துரை" என்றார் பழனிச்சாமி. எழுதியதை நம்புகிறவர் அவர். "செபமாலையும் அதத்தான் சொல்றாரு. இன்னிக்கி அது கெழக்க முப்பது மைல்ல இருக்கு. கடல்ல."

"அங்ஙனமாயின் எதிரே மிதப்பது?"

பழனிச்சாமி வத்தையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். "அது அஞ்சு மாரு, இது ஆறு. அதுல பச்சை, இதுல செவப்பு. அதுக்கு நம்பர் உண்டு, இதுக்கு இல்லை. இது வேற வத்தை, துரை."

"வேறு வத்தை" என்றார் துரை மெதுவாக. "சமஸ்தானத்து வத்தை. இதன்மீது எமக்கு அதிகாரமில்லை."

தொப்பியைக் கழற்றி வத்தைக்கு ஒரு மரியாதை செய்துவிட்டு, காரில் ஏறி, நாற்பத்திரண்டாம் எண் கரைக்கு வந்தவுடன் பிடிக்கும்படி உத்தரவு எழுதினார். கார் தூசியில் மறைந்த பிறகுதான் அடைக்கலமேரி எழுந்தாள். செபமாலை பயந்துபோய் இரண்டடி பின்வாங்கினான்.

"அடிக்கப்போறியா?"

"இல்லை" என்றாள் அவள்.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அவளும் கடற்கரைக்காரி. ஆனால் அவள் தாடைத்துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, விராலை அரியப் போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை முதல் யுத்தம் முடிகிறவரை நாற்பத்திரண்டாம் எண்ணைத் தேடினார்கள். பழனிச்சாமி சனிக்கிழமை தவறாமல் ஜெகதாப்பட்டினத்துக் கரையில் குடையை ஊன்றிக்கொண்டு கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். செபமாலை ஊருக்கு வந்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருவான்.

"இன்னும் காணமே?"

"வரும்ங்க. தூரம்ல?"

செபமாலை மூன்று வருஷம் கண்மாயில் விரால் பிடித்தான். மூக்கனின் மாமியார் முதல் நாள் ஏறியவள் இறங்க மறுத்து, பலகையில் உட்காருகிற வேலையை மயிலைக் காளையிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். யுத்தம் முடிந்து, சங்கிலியில் கிடந்த நாற்பத்தொரு வத்தைகளும் புழு அரித்துத் திரும்பின. செபமாலையின் வத்தை ஒன்றுதான் நல்ல தண்ணீரில் குளித்துப் புதுசாக வந்தது. சாவடியில் மட்டும் ஆத்மநாதன் விடவில்லை. "ஒரு வத்தை எத்தனை தடவைய்யா வெளிய போகும்? அதான் போயாச்சுன்னு எழுதியிருக்கே!" மறுபடி திருப்பி, மேற்கே பார்த்தபடி பின்பக்கமாகக் கிழக்கே போனார்கள். அவர் 'உள்ளே வந்தது: வத்தை ஒன்று' என்று எழுதிக்கொண்டார். கணக்கு நேராயிற்று.

அடுத்த மாசியில் அடைக்கலமேரியின் கழுத்துக்கு ஒரு சங்கிலி வந்தது. எங்கே வாங்கியது என்று கேட்டவர்களுக்கெல்லாம் செபமாலை ஒரே பதிலைத்தான் சொன்னான். மதுரையில் என்றான். ஆகவே அது மதுரை இல்லை என்பது மட்டும் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும்.

ஊமையன் கண்மாய் மதகடியில் கல் இன்னும் இருக்கிறது. அதில் இரண்டே வரி. 'இக்கண்மாய் புதிதாக வெட்டப்பட்டது. 11-6-1953.'